கட்சி தந்த பெயரும் மனசாட்சி எழுதிய எண்ணும்

“கட்சி நம்ம கட்சிதான், ஆளுதான் சரியில்ல.” சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையோரம் பெரிய ஏரியை ஒட்டியிருக்கும் தாமலிலும், காஞ்சிபுரத்துத் தறிக்காரத் தெருக்களிலும், தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் தேர்தல் நேரத்தில் காதில் விழும் வாக்கியம் இது. சொல்பவர் பெரும்பாலும் அரை நூற்றாண்டாக ஒரே சின்னத்துக்கு வாக்களித்தவராக இருப்பார். கட்சியை விட்டுப் போகும் எண்ணம் அவருக்கு இல்லை. கட்சி நிறுத்திய ஆளை ஏற்கவும் மனம் வரவில்லை. வாக்குச்சாவடித் தட்டிக்குப் பின்னால் அவர் என்ன செய்கிறார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

இதே சங்கடம் நாட்டின் மிக உயர்ந்த பதவிக்கான தேர்தலில் ஒருமுறை வந்தது. அன்று சங்கடப்பட்டவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களும் சட்டமன்ற உறுப்பினர்களும். ஆண்டு 1969. ஆளும் காங்கிரஸ் குடியரசுத் தலைவர் பதவிக்கு நீலம் சஞ்சீவ ரெட்டியை நிறுத்தியது. அந்தக் கட்சியின் பிரதமரே அவர் தோற்க வேண்டும் என்று விரும்பினார். அவர் தோற்றார். மூன்று மாதத்துக்குள் கட்சி இரண்டாக உடைந்தது. கட்சி விசுவாசத்துக்கும் வேட்பாளர் மீதான அதிருப்திக்கும் இடையே நடந்த இழுபறியில், சுதந்திர இந்தியா கண்ட மிகப் பெரியது இது. அதில் தமிழ்நாட்டின் பங்கும் சிறியதல்ல.

இந்தக் கட்டுரையின் வாதம் எளியது. வேட்பாளர் மீதான அதிருப்தியைச் சொல்ல உரிய இடம், அவரைத் தேர்ந்தெடுக்கும் அறை. அந்த அறையின் கதவை அடைத்துவிட்டால் அதிருப்தி வாக்குப்பெட்டிக்குள் போய் வெடிக்கும். அப்படி வெடிக்கும்போது விசுவாசம், மனசாட்சி இரண்டுமே சேதப்படும்.

காஞ்சி வாக்காளரின் தராசு

கட்சியையும் ஆளையும் தனித்தனியே நிறுக்கும் வழக்கம் காஞ்சிபுரத்துக்குப் புதிதல்ல. 1957 சட்டமன்றத் தேர்தலில் காஞ்சிபுரம் தன் மண்ணின் மைந்தரான சி.என். அண்ணாதுரையை வெற்றிபெறச் செய்தது. தி.மு.க. முதன்முறையாகச் சந்தித்த அந்தப் பொதுத்தேர்தலில் அது பெற்ற இடங்கள் 15. அடுத்த தேர்தலில், 1962இல், மாநிலம் முழுவதும் அந்த எண்ணிக்கை 50 ஆனது. கட்சி மும்மடங்குக்கு மேல் வளர்ந்த அதே தேர்தலில், காஞ்சிபுரத்தில் அண்ணா தோற்றார். அவரை வென்றவர் காங்கிரஸின் எஸ்.வி. நடேச முதலியார்.

ஒரு தலைவரைத் தோற்கடிக்கப் பல காரணங்கள் கூடியிருக்கும்: எதிர்த்தரப்பின் உழைப்பு, செலவு, உள்ளூர்ச் செல்வாக்கு. ஆனாலும் ஒன்று தெளிவு. கட்சிக்கு வீசிய காற்று தொகுதிக்குள் வரும்போது திசை மாறலாம். வாக்காளர் தன் கையில் இருக்கும் ஒரே சீட்டில் இரண்டு கேள்விகளுக்கு விடை எழுத வேண்டியிருக்கிறது: எந்தக் கட்சி ஆள வேண்டும், எந்த ஆள் வர வேண்டும்? இரண்டுக்கும் ஒரே விடை கிடைக்காதபோது ஏதாவது ஒன்றை அவர் விட்டுக்கொடுக்கிறார்.

இதே மாவட்டத்தில் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. முப்பது குடும்புகளிலிருந்து (ஊர்ப் பிரிவுகளிலிருந்து) பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு எடுத்தார்கள். அது நிலமும் வேதக் கல்வியும் உடையவர்களுக்கு மட்டுமான சபை. எல்லா மக்களுக்கும் அதில் இடம் இல்லை. ஆனால் அந்தக் கல்வெட்டு எங்கே அதிக எழுத்துகளைச் செலவழிக்கிறது என்று பார்த்தால் ஒரு பாடம் கிடைக்கும். யார் பெயர் குடத்துக்குள் போகலாம், யார் பெயர் போகக்கூடாது என்பதற்கே பெரும்பகுதி. வயது 35க்குக் குறையக்கூடாது, 70ஐத் தாண்டக்கூடாது. முன்பு வாரியத்தில் (நிர்வாகக் குழுவில்) இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் கூடாது, அவருடைய உறவினர் பெயரும் கூடாது. ஓலை எடுத்த பிறகு சச்சரவு வராதிருக்க, ஓலை போடும் முன்பே ஆளைச் சோதித்துவிட வேண்டும் என்ற தெளிவு அதில் இருக்கிறது. 1969இல் காங்கிரஸ் தவறவிட்டது இந்தத் தெளிவைத்தான்.

பெங்களூரில் நடந்தது

1969 மே 3 அன்று குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே காலமானார். துணைக் குடியரசுத் தலைவர் வி.வி. கிரி தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். அடுத்த குடியரசுத் தலைவர் யார் என்ற கேள்வி, காங்கிரஸுக்குள் யார் பெரியவர் என்ற கேள்வியாக மாறியது.

ஒருபக்கம் பிரதமர் இந்திரா காந்தி. மறுபக்கம் பத்திரிகைகள் ‘சிண்டிகேட்’ என்று அழைத்த மூத்த தலைவர்கள்: கட்சித் தலைவர் எஸ். நிஜலிங்கப்பா, காமராஜர், எஸ்.கே. பாட்டீல், அதுல்ய கோஷ், சஞ்சீவ ரெட்டி. 1966இல் இந்திராவைப் பிரதமராக்கியதில் முதன்மைப் பங்கு காமராஜருடையது. மூன்றே ஆண்டில் இருவரும் எதிரெதிர் அணியில் நின்றார்கள்.

ஜூலை இரண்டாம் வாரம் பெங்களூரில் அகில இந்திய காங்கிரஸ் குழு கூடியது. 12ஆம் தேதி ஆட்சிமன்றக் குழுவில் வாக்கெடுப்பு. இந்திரா முன்வைத்த பெயர் ஜெகஜீவன் ராம். சிண்டிகேட் முன்வைத்த பெயர், அப்போது மக்களவைத் தலைவராக இருந்த சஞ்சீவ ரெட்டி. இந்திராவுக்குத் துணை நின்றவர் பக்ருதீன் அலி அகமது. காமராஜர், மொரார்ஜி தேசாய், பாட்டீல் ஆகியோருடன் உள்துறை அமைச்சர் ஒய்.பி. சவாணும் ரெட்டிக்கு வாக்களித்தார். நான்குக்கு இரண்டு என்ற கணக்கில் ரெட்டி கட்சியின் அதிகாரப்பூர்வ வேட்பாளரானார்.

விதிப்படி அந்த முடிவில் குறையில்லை. குழு கூடியது, பெயர்கள் வந்தன, பெரும்பான்மை முடிவு செய்தது. ஆனால் ஆளும் கட்சியின் பிரதமரைத் தோற்கடிக்கவே ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது, அந்தப் பெயர் கட்சியின் பெயராக நிலைக்குமா? நாடெங்கும் நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் இருந்த காங்கிரஸ் உறுப்பினர்களின் வாக்கை விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் ஓர் அறையில் தீர்மானித்தார்கள். விதியை மீறாமலே நம்பிக்கையை மீறலாம். பெங்களூரில் நடந்தது அதுதான்.

இந்திராவின் பதிலிலும் இதே குறை உண்டு. ரெட்டியின் வேட்புமனுவை முன்மொழிந்து அவர் கையெழுத்திட்டார். கையெழுத்து இட்டவர் அதற்குக் கட்டுப்பட வேண்டும். பிடிக்கவில்லை என்றால் கையெழுத்துப் போடும் முன்பு வெளிப்படையாக மறுத்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை.

முப்பத்தைந்து நாட்கள்

ஜூலை 12க்கும் வாக்குப்பதிவு நாளான ஆகஸ்ட் 16க்கும் இடையே நிகழ்வுகள் ஒன்றையொன்று துரத்தின. 13ஆம் தேதி வி.வி. கிரி சுயேச்சையாகப் போட்டியிடுவதாக அறிவித்தார். 16ஆம் தேதி மொரார்ஜி தேசாயிடமிருந்து நிதித்துறை பறிக்கப்பட்டது. அவர் துணைப் பிரதமர் பதவியையும் விட்டார். 19ஆம் தேதி 14 பெரிய வங்கிகளை நாட்டுடைமையாக்கும் அவசரச் சட்டம் வந்தது. அதில் கையெழுத்திட்டவர் கிரி. மறுநாள் அவர் பொறுப்பிலிருந்து விலகினார். தலைமை நீதிபதி எம். இதயத்துல்லா தற்காலிகக் குடியரசுத் தலைவரானார்.

வங்கி நாட்டுடைமை இந்தச் சண்டையின் பொருளையே மாற்றியது. அதுவரை தலைவர்களுக்கிடையிலான அதிகாரப் போட்டியாக இருந்தது, இப்போது ஏழைக்கும் பணக்காரருக்கும் இடையிலான வழக்காக மக்கள் முன் வைக்கப்பட்டது. கிரி அதற்குப் பொருத்தமான ஆள். பெர்ஹாம்பூரில் பிறந்து, ரயில்வே தொழிலாளர் சங்கத்தில் வளர்ந்தவர். 1937இல் ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அமைச்சரவையில் தொழிலாளர் துறையைப் பார்த்தவர். சுதந்திரத்துக்குப் பின் இலங்கையில் இந்தியத் தூதராக இருந்தவர். அவரை ஆதரிக்க ஒருவருக்குக் கொள்கைக் காரணம் கிடைத்தது. அதிகாரக் காரணம் அதற்குப் பின்னால் மறைந்துகொண்டது.

அடுத்த பிழையைச் செய்தவர் நிஜலிங்கப்பா. ஜனசங்கமும் சுதந்திரா கட்சியும் முன்னாள் நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக்கை நிறுத்தியிருந்தன. அவர் வெல்ல வாய்ப்பில்லை. ஆகவே அந்த வாக்காளர்களின் இரண்டாம் விருப்பம் ரெட்டிக்கு வர வேண்டும் என்று அந்தக் கட்சிகளின் தலைவர்களோடு நிஜலிங்கப்பா பேசினார். ஜெகஜீவன் ராமும் பக்ருதீன் அலி அகமதுவும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். காங்கிரஸ் எதிர்த்து நின்ற கட்சிகளிடம் போய்ப் பேரம் பேசிய பிறகு, காங்கிரஸ் உறுப்பினர்களை எந்தக் கொள்கையின் பேரில் கட்டுப்படுத்துவது என்று கேட்டார்கள். கொறடா உத்தரவு போடும்படி கட்சித் தலைமை கேட்டதற்குப் பிரதமர் இணங்கவில்லை. உறுப்பினர்கள் மனசாட்சிப்படி வாக்களிக்கட்டும் என்ற முழக்கம் எழுந்தது.

எண்கள் சொல்வது

அந்தத் தேர்தலின் எண்களைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்காளர் ஒரு பெயருக்கு நேரே முத்திரை குத்துவதில்லை. பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 என்று தன் விருப்ப வரிசையை எண்ணால் எழுதுகிறார். ஒவ்வொரு வாக்குக்கும் ஒரு மதிப்பு உண்டு. மாநில மக்கள்தொகையை சட்டமன்ற உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்து, பிறகு ஆயிரத்தால் வகுத்தால் ஓர் உறுப்பினரின் வாக்கு மதிப்பு வரும். 1961 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டு உறுப்பினர் ஒருவருக்கு 144.

களத்தில் 15 பேர் இருந்தார்கள். ஆகஸ்ட் 20 அன்று எண்ணியபோது செல்லத்தக்க வாக்குகளின் மொத்த மதிப்பு 8,36,337. வெல்லத் தேவை பாதிக்கு மேல், அதாவது 4,18,169. முதல் விருப்ப வாக்குகளில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்குக்கு 1,12,769. யாருக்கும் பாதி கிடைக்கவில்லை. குறைந்த வாக்கு பெற்றவர்களை ஒவ்வொருவராக நீக்கி, அவர்களுடைய வாக்குச்சீட்டுகளில் அடுத்த விருப்பம் யார் என்று பார்த்துப் பிரித்துக் கொடுத்தார்கள். முடிவில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. தேவைக்கு மேல் கிரியிடம் இருந்தது வெறும் 1,908. இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தல் வரலாற்றில் இரண்டாம் விருப்பத்தை எண்ண வேண்டி வந்தது இந்த ஒருமுறைதான்.

கழித்துப் பார்த்தால் இன்னொரு செய்தி தெரியும். முதல் சுற்றுக்குப் பிறகு ரெட்டிக்குச் சேர்ந்தது 91,879. கிரிக்குச் சேர்ந்தது 18,562. அதாவது நிஜலிங்கப்பா கேட்டது பெருமளவு கிடைத்தது. வெளியே இருந்து கேட்ட வாக்கு வந்தது. வீட்டுக்குள் இருந்த வாக்குதான் வரவில்லை. நாடாளுமன்றத்திலும் பல மாநிலங்களிலும் பெரும்பான்மை வைத்திருந்த ஒரு கட்சியின் அதிகாரப்பூர்வ வேட்பாளர் முதல் சுற்றில் இரண்டாமிடம் போனார் என்றால், சொந்தக் கட்சியினர் பெரும் எண்ணிக்கையில் கைவிட்டார்கள் என்பதே பொருள்.

அவர்கள் எல்லோரும் மனசாட்சியைக் கேட்டவர்களா? சிலர் வங்கி நாட்டுடைமையை உண்மையிலேயே நம்பியவர்கள். சிலர் பிரதமரோடு இருப்பதே பிழைக்கும் வழி என்று கணக்கிட்டவர்கள். சீட்டில் எழுதிய எண் இந்த இருவருக்கும் ஒன்றுதான். ரகசிய வாக்கின் வலிமையும் குறையும் அதில் அடங்கியிருக்கின்றன: அது அஞ்சுபவரைக் காப்பாற்றுகிறது, ஆதாயம் தேடுபவரையும் மறைக்கிறது.

தேர்தலை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் மனுக்கள் தாக்கலாயின. ரெட்டியைப் பற்றி அவதூறான பெயரில்லாத் துண்டறிக்கை ஒன்று நாடாளுமன்ற உறுப்பினர்களிடையே சுற்றியது முக்கியக் குற்றச்சாட்டு. பதவியிலிருந்த குடியரசுத் தலைவரே நேரில் வந்து சாட்சியம் அளித்தார். 1970இல் மனுக்கள் தள்ளுபடியாயின. மனசாட்சியின் பெயரால் நடந்த தேர்தலில் பெயர் போடாத தாள் ஒன்று உலவியது என்ற கறை மட்டும் மறையவில்லை.

தமிழ்நாடு எடுத்த நிலை

அந்த ஆகஸ்டில் தமிழ்நாடு இன்னும் துக்கத்திலிருந்து மீளவில்லை. அண்ணா பிப்ரவரி 3 அன்று மறைந்திருந்தார். முதலமைச்சர் பொறுப்பில் மு. கருணாநிதிக்கு ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. தி.மு.க.வுக்கு மக்களவையில் 25 உறுப்பினர்கள், சட்டமன்றத்தில் தனிப்பெரும்பான்மை. காங்கிரஸை எதிர்த்தே வளர்ந்த அந்தக் கட்சி, காங்கிரஸின் இரு அணிகளில் ஒன்றுக்கு வலுச்சேர்க்கும் நிலைக்கு வந்தது. அது கிரியை ஆதரித்தது. 1,908 என்ற உபரியை எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 14 உறுப்பினர்களின் வாக்கு மதிப்பு 2,016. கிரியின் கடைசிக் கணக்கில் அந்த 14 பேர் இல்லாதிருந்தால் 4,18,169ஐ அவர் எட்டியிருக்க மாட்டார்.

தி.மு.க.வுக்கு இதில் கட்சி விசுவாசச் சிக்கல் இல்லை. சிக்கல் முழுதும் தமிழ்நாடு காங்கிரஸுக்கு. 1967இல் விருதுநகரில் தோற்ற காமராஜர், 1969 ஜனவரியில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று மக்களவைக்குப் போயிருந்தார். ரெட்டியை வேட்பாளராக்கிய கைகளில் அவருடைய கையும் ஒன்று. தமிழ்நாடு காங்கிரஸின் இன்னொரு தலைவரான சி. சுப்பிரமணியம் இந்திராவின் பக்கம் போனார். நவம்பர் 12 அன்று இந்திராவைக் கட்சியிலிருந்து நீக்குவதாக நிஜலிங்கப்பா தரப்பு அறிவித்ததும் கட்சி உடைந்தது. நாட்டின் பிற பகுதிகளில் பெரும்பாலானோர் இந்திராவோடு போனபோது, தமிழ்நாட்டுக் காங்கிரஸ் தொண்டர்கள் பெரும்பாலும் காமராஜரோடு நின்றார்கள்.

அந்த நிலைப்பாட்டுக்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. மக்களவையில் பெரும்பான்மை இழந்த இந்திரா அரசு தி.மு.க., இடதுசாரிகள் ஆதரவோடு நீடித்தது. 1971 தேர்தலில் தி.மு.க.வும் இந்திரா காங்கிரஸும் சேர்ந்தன. சட்டமன்றத்துக்கு ஓர் இடத்தில்கூடப் போட்டியிடாமல் இந்திரா காங்கிரஸ் ஒதுங்கியது. தி.மு.க. 184 இடங்களில் வென்றது. மக்களவையில் தமிழ்நாட்டின் 39 இடங்களில் 38 அந்தக் கூட்டணிக்கு. மீதி ஒன்று நாகர்கோவில், காமராஜர் வென்றது. வாழ்நாளெல்லாம் எதிர்த்த ராஜாஜியோடு கூட்டுச் சேர்ந்தும் கிடைத்தது அவ்வளவுதான்.

காமராஜரின் உறுதியை மதிக்காமல் இருக்க முடியாது. கட்சி அமைப்பு எடுத்த முடிவுக்குக் கட்டுப்படுவது என்ற நெறியை, அது தன்னைக் கரைத்தபோதும் அவர் விடவில்லை. ஆனால் அந்த நெறிக்கு உயிர் தருவது, அமைப்பு எப்படி முடிவெடுக்கிறது என்பது. சிறு குழுவின் முடிவை அமைப்பின் முடிவாகக் காட்டிய பெங்களூர் அறையிலும் அவர் இருந்தார். விசுவாசத்தைக் கேட்பவர்களுக்கு ஒரு கடமை உண்டு: விசுவாசம் காட்டப் போகிறவர்களை முன்பே கேட்பது. அந்தக் கடமையைச் சிண்டிகேட் செய்யவில்லை.

வென்ற தரப்பு செய்ததோ அதைவிட நீண்டகாலக் கேடு. மனசாட்சியின் பெயரால் வென்ற காங்கிரஸ், பிறகு தன் உறுப்பினர்களுக்கே அந்த உரிமையை மறுத்தது. 1972க்குப் பின் இருபது ஆண்டுகள் அந்தக் கட்சியில் உட்கட்சித் தேர்தல் நடக்கவில்லை. 1992இல் நரசிம்ம ராவ் காலத்தில்தான் மீண்டும் நடந்தது. முதலமைச்சர்கள் டெல்லியில் நியமனம் பெற்றார்கள். மற்றக் கட்சிகளும் அதையே பாடமாகக் கற்றன. இன்று தமிழ்நாட்டில் பெரும்பாலான கட்சிகளில் வேட்பாளர் பட்டியல் தலைமையிடமிருந்து வரும் அறிவிப்பு; ஒன்றியச் செயலாளருக்கே அது செய்தித்தாளைப் பார்த்துத் தெரிய வரும் நேரங்கள் உண்டு. விருப்பமனுவும் நேர்காணலும் நடக்கின்றன. ஆனால் தொகுதியில் உழைக்கும் உறுப்பினருக்கு அந்தப் பெயரின் மீது வாக்கு இல்லை.

சஞ்சீவ ரெட்டிக்குக் காலம் திரும்பியது. 1977இல் ஜனதா ஆட்சியில் அவர் போட்டியின்றிக் குடியரசுத் தலைவரானார். 37 பேர் மனு செய்ததில் 36 மனுக்கள் தள்ளுபடி. எட்டு ஆண்டுக்கு முன் ஏற்கப்படாத அதே மனிதர், பெயரை எல்லாத் தரப்பும் பேசி ஒப்புக்கொண்டபோது எதிர்ப்பின்றி வந்தார்.

சட்டம் விட்டு வைத்த இடம்

1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம், அவையில் கொறடா உத்தரவை மீறுபவரின் பதவியைப் பறிக்கிறது. குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு அது பொருந்தாது. இந்தத் தேர்தலில் கட்சிகள் கொறடா உத்தரவு போடக்கூடாது என்று தேர்தல் ஆணையம் ஒவ்வொரு முறையும் சொல்கிறது. நாடாளுமன்ற உறுப்பினருக்குப் பச்சை நிற வாக்குச்சீட்டு, சட்டமன்ற உறுப்பினருக்கு இளஞ்சிவப்பு. ஆணையம் தரும் ஊதா மை பேனாவால் மட்டுமே எண் எழுத வேண்டும். யாருடைய சீட்டு எது என்று மையின் நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாதபடி காக்கும் ஏற்பாடு இது. இன்றைக்குத் தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் கையில் இருக்கும் மதிப்பு 176. அந்த 176ஐ எந்தத் தலைமையும் சட்டப்படிப் பறிக்க முடியாது.

இந்த இடைவெளியைப் பயன்படுத்தியவர்கள் உண்டு. 2007இல் பா.ஜ.க. கூட்டணியில் இருந்துகொண்டே சிவசேனா, மகாராஷ்டிரத்தைச் சேர்ந்தவர் என்று பிரதிபா பாட்டீலை ஆதரித்தது. 2012இல் பி.ஏ. சங்மா தன் தேசியவாத காங்கிரஸிலிருந்து விலகிப் போட்டியிட்டார், ஜெயலலிதாவின் அ.தி.மு.க. அவரை ஆதரித்தது, தி.மு.க. பிரணாப் முகர்ஜியை ஆதரித்தது. 2022இல் எதிரணியில் இருந்த ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா, பழங்குடிப் பெண் என்ற காரணத்தோடு திரௌபதி முர்முவுக்கு வாக்களித்தது. இவற்றில் சங்மாவின் வழி எனக்கு நேர்மையாகப் படுகிறது. ஏற்க முடியாது என்றார், வெளியேறினார், நின்றார், தோற்றார். யாருடைய மனுவிலும் கையெழுத்திட்டுவிட்டுப் பின்வாங்கவில்லை.

இலங்கைத் தமிழரின் சோதனை

குடியரசுத் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் இலங்கையில் இந்தச் சங்கடம் வீட்டுக்கு வீடு வருகிறது. போர் முடிந்த மறு ஆண்டு, 2010இல், தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு மகிந்த ராஜபக்சவுக்கு எதிராகச் சரத் பொன்சேகாவை ஆதரித்தது. போரை நடத்திய இராணுவத் தளபதிக்கே வாக்களிக்கும்படி, அந்தப் போரில் உறவுகளை இழந்தவர்களைக் கேட்டது. கூட்டமைப்பின் நாடாளுமன்ற உறுப்பினரான எம்.கே. சிவாஜிலிங்கம் அதை ஏற்காமல் தானே போட்டியிட்டார். யாழ்ப்பாணத்தில் பெரும்பாலோர் வாக்களிக்கவே போகவில்லை. வாக்குச்சீட்டில் எழுத முடியாத அதிருப்தி வீட்டு வாசலிலேயே நின்றது.

2024 செப்டெம்பர் 21 தேர்தலில் இது இன்னும் கூர்மையானது. இலங்கைத் தமிழரசுக் கட்சி சஜித் பிரேமதாசவை ஆதரிக்க முடிவு செய்தது. அதே கட்சியின் முன்னாள் மட்டக்களப்பு நாடாளுமன்ற உறுப்பினர் பா. அரியநேத்திரன் தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நின்றார். கட்சியின் மூத்த நாடாளுமன்ற உறுப்பினர் எஸ். சிறீதரன் அரியநேத்திரனுக்காக மேடையேறினார். அரியநேத்திரனுக்குக் கிடைத்தது 2,26,343 வாக்குகள். அந்தத் தேர்தலிலும் முதல் எண்ணிக்கையில் யாருக்கும் பாதி கிடைக்காமல், இலங்கை வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் விருப்பத்தை எண்ணினார்கள். அநுர குமார திசாநாயக்க வென்றார். 1949இல் தமிழ்க் காங்கிரஸின் முடிவை ஏற்காமல் வெளியேறிய செல்வநாயகம் தொடங்கிய கட்சி தமிழரசுக் கட்சி. மறுப்பிலிருந்து பிறந்த கட்சிக்கும் தன் உறுப்பினரின் மறுப்பைக் கேட்டுப் பேசித் தீர்க்கும் முறை அமையவில்லை.

இங்கே அமெரிக்காவின் ஓர் ஏற்பாட்டைக் கவனிக்கலாம். அங்கே கட்சி வேட்பாளரைக் கட்சி ஆதரவாளர்களே முதனிலைத் தேர்தலில் தேர்ந்தெடுக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் மிச்சிகனில், பதவியிலிருந்த ஜோ பைடனின் காசா நிலைப்பாட்டை ஏற்காத ஜனநாயகக் கட்சியினர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ‘யாருக்கும் உறுதியில்லை’ என்ற கட்டத்தில் வாக்களித்தார்கள். அவர்கள் கட்சியை விட்டுப் போகவில்லை. கட்சிக்குள்ளேயே, எண்ணக்கூடிய வகையில், தேர்தலுக்கு எட்டு மாதம் முன்பே தங்கள் மறுப்பைப் பதிந்தார்கள். முதனிலைத் தேர்தலில் பணபலம் உட்படக் குறைகள் நிறைய. ஆனால் அதிருப்தியை எண்ணும் வழி அதில் இருக்கிறது.

எங்கே திருத்த வேண்டும்

நம் வாக்காளருக்கு 2013 முதல் நோட்டா இருக்கிறது. அது எல்லோரையும் மறுக்கும் பொத்தான். “கட்சி வேண்டும், இந்த ஆள் வேண்டாம்” என்பவருக்கு அதனால் பயனில்லை. குடியரசுத் தலைவர் தேர்தலில் உறுப்பினருக்குக் கிடைக்கும் விருப்ப வரிசையும் நமக்கு இல்லை. ஆகவே அந்த வாக்காளரின் குரல் கேட்கக்கூடிய ஒரே இடம், பெயர் முடிவாகும் முன் அவருடைய கட்சி.

கட்சிகள் அரசியல் சட்டத் திருத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வேட்பாளர் பெயரைத் தொகுதி உறுப்பினர்களிடம் ரகசிய வாக்குக்கு விடலாம். தலைமை அதை மாற்றினால் காரணத்தை எழுத்தில் சொல்லலாம். முடிவெடுத்த குழுவில் யார் எப்படி வாக்களித்தார்கள் என்பதைப் பதிந்து வைக்கலாம். மறுத்துப் பேசியவரை நோட்டீஸ் அனுப்பி நீக்காமல், அந்த மறுப்பையும் குறிப்பேட்டில் சேர்க்கலாம். இவற்றைச் செய்த கட்சி பிறகு தன் ஆட்களிடம் கட்டுப்பாட்டைக் கேட்டால் அது நியாயம். பேச வாய்ப்புக் கிடைத்துப் பேசியவர், தோற்றாலும் முடிவோடு நிற்பார். நிற்க முடியாவிட்டால் வெளிப்படையாக விலகுவார். இரண்டுமே கண்ணியமான வழிகள்.

1969இல் காங்கிரஸின் இரு தரப்பும் இந்த வழியை எடுக்கவில்லை. ஒன்று கேட்காமல் கட்டளையிட்டது. மற்றது கையெழுத்திட்டுவிட்டு மாற்றி வாக்குக் கேட்டது. நூறாண்டை நெருங்கிய ஒரு கட்சி அதில் உடைந்தது, உட்கட்சி ஜனநாயகம் இருபது ஆண்டு உறங்கியது. அடுத்த தேர்தலுக்கு நம் ஊருக்கு வேட்பாளர் வரும்போது அவரிடம் வாக்குறுதிகளைக் கேட்பதோடு நிறுத்தக்கூடாது. உங்கள் பெயரை யார் முடிவு செய்தார்கள், எங்கள் ஊரில் கட்சிக்கு உழைத்தவர்களில் யாரைக் கேட்டார்கள் என்றும் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை முதலில் கேட்க உரிமை உள்ளவர் அந்தக் கட்சியின் சொந்த வாக்காளர். கட்சிமீது அவர் வைத்திருக்கும் விசுவாசமே அந்த உரிமையை அவருக்குத் தருகிறது.